கபடி (ஆண்கள்), இடது கார்னர், ஓரிடம்

அறிவிக்கையின் கடைசிப் பக்கத்தில், கால்பந்துக்கும் பளுதூக்குதலுக்கும் நடுவே ஒரே ஒரு வரி இருந்தது: கபடி (ஆண்கள்), இடது கார்னர், ஓரிடம். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்க மத்திய அரசின் ஒரு துறை வெளியிட்ட அறிவிக்கை அது. பூந்தமல்லியைத் தாண்டி நசரத்பேட்டைப் பக்கத்துக் கிராமத்துப் பையன் ஒருவன் அந்த வரியைப் பார்த்து விண்ணப்பம் போட்டான். டிரயலில் கார்னர்களில் முதலாவதாக வந்தான். ஆனால் வேலைக்கான கடிதம் போனது வேறொருவருக்கு. அவர் ஒரு ரைடர்.

துறையின் பெயரையும் இரண்டு ஆட்டக்காரர்களின் பெயரையும் நான் எழுதப்போவதில்லை. இருவரும் இன்றைக்கும் பணியில் இருப்பவர்கள். ஆவடி என்றதும் கனரக வாகனத் தொழிற்சாலை, எஞ்சின் தொழிற்சாலை, படைத்துறை உடைத் தொழிற்சாலை, ரிசர்வ் போலீஸ் முகாம், விமானப்படைத் தளம் என்று வரிசையாக நினைவுக்கு வரும். அந்தப் பையனுக்காக நான் நடத்திய வழக்கில் இவற்றில் எதுவும் எதிர்த்தரப்பு அல்ல. இத்தனையும் சூழ்ந்த வட்டாரம் என்பதால் அம்பத்தூரில் அலுவலகம் வைத்திருக்கும் என்னைப் போன்ற வக்கீலிடம் சர்வீஸ் வழக்குகள் ஓயாமல் வரும்: பதவி உயர்வு, ஓய்வூதியம், தற்காலிகப் பணிநீக்கம், கருணை அடிப்படையில் வேலை. விளையாட்டு வழக்கு எப்போதாவதுதான் வரும். வந்தால் நான் விடுவதில்லை. இளவட்டங்களின் வயது ஓடிக்கொண்டே இருக்கும் வழக்குகள் அவை.

மத்திய அரசு வேலையில் விளையாட்டு வீரர்களை எடுப்பதற்கான அடிப்படை, 1980 ஆகஸ்ட் 4 தேதியிட்ட பணியாளர் துறை உத்தரவு. 2013 அக்டோபர் 3 அன்று அதையும் பின்னால் வந்த திருத்தங்களையும் தொகுத்து மறுபடி வெளியிட்டார்கள். குரூப் 'சி' நேரடி நியமனத்தில் 5 சதவீதம் வரை எடுக்கலாம். சர்வதேசப் போட்டியில் நாட்டுக்காக ஆடியவருக்கு முதல் முன்னுரிமை, தேசியப் போட்டியில் மாநிலத்துக்காக ஆடிப் பதக்கம் வாங்கியவருக்கு அடுத்தது, பிறகு பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி, பிறகு பள்ளி. ஒவ்வொன்றுக்கும் தனிப் படிவம். மாநிலத்துக்கு ஆடியவன் கையில் இருக்க வேண்டியது படிவம் 2. என் கட்சிக்காரனிடம் அது இருந்தது. தேசிய ஜூனியர் போட்டியில் தமிழ்நாட்டுக்காக ஆடி வெண்கலம் வாங்கியிருந்தான்.

அந்த உத்தரவில் ரைடர், கார்னர் என்ற பேச்சே கிடையாது. ஆனால் துறைகளுக்குத் தங்கள் அணி ஓட வேண்டும். போன வருடம் கோல்கீப்பர் ஓய்வு பெற்றிருந்தால் இந்த வருடம் கோல்கீப்பர்தான் வேண்டும், ஸ்டிரைக்கர் வந்து என்ன செய்வது? அதனால் அறிவிக்கையிலேயே நிலையைக் குறிப்பிட்டுவிடுகிறார்கள். ரயில்வே அறிவிக்கைகளில் இதைப் பரவலாகப் பார்க்கலாம். அங்கே 100 மதிப்பெண்ணில் டிரயலுக்கு 40, விளையாட்டுச் சாதனைக்கு 50, படிப்புக்கு 10. டிரயலில் 25 வாங்காதவர் அடுத்த கட்டத்துக்கே போக முடியாது. நம் துறையும் ஏறக்குறைய அதே முறையில்தான் நடத்தியது.

வழக்கைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் கபடி தேவை. ஆண்களுக்கான களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். ஏழு பேர் நிற்பார்கள். எதிரணியிலிருந்து ஒருவர் பாடி வருவார், அவர்தான் ரைடர். அவருக்கு 30 விநாடி. தடுப்பு வரிசையின் இரண்டு ஓரங்களில் நிற்பவர்கள் கார்னர்கள். ஆறு பேருக்குக் குறையாமல் தடுப்பில் இருக்கும்போது ரைடர் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு மறுகாலைப் போனஸ் கோட்டுக்கு அப்பால் ஊன்றினால் ஒரு புள்ளி. அப்படிக் கால் நீளும் அந்த நொடியில் கார்னர் கீழே பாய்ந்து கணுக்காலைப் பிடிக்க வேண்டும். அரை நொடி முந்தினால் ரைடர் தாவிப் போய்விடுவார், அரை நொடி பிந்தினால் தொட்டுவிட்டு ஓடிவிடுவார். கார்னர் தனியாகப் பாய்கிற ஆள். அவன் பிடித்து நிறுத்திய பிறகுதான், ஓரத்திலிருந்து உள்ளே தள்ளி நிற்கும் கவர் வந்து மேலே விழுவான்.

பையன் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டபோது அவன் விரல்களைப் பார்த்தேன். வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் நடு மூட்டில் விலகிச் சேர்ந்தவை, நேராக நீட்ட வரவில்லை. பேனாவை ஆள்காட்டி விரலுக்கும் நடு விரலுக்கும் இடையில் செருகி, கட்டைவிரலால் அழுத்தி எழுதினான். ஓடி வருபவனின் கணுக்காலை வெறும் கையால் நிறுத்திப் பழகியவர்களின் கை அப்படித்தான் ஆகிவிடுகிறது. சத்தியப் பிரமாணத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் அதே மாதிரி நிதானமாகப் போட்டான். கூட வந்திருந்த அவன் அம்மா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏற்றுமதி ஆடைத் தையல் வேலை பார்ப்பவர். அவர்தான் பேசினார்.

"பிடிக்கிற ஆள் வேணும்னு பேப்பர்ல போட்டுக் கூப்ட்டாங்க. போனான், பிடிச்சான். இப்போ பாடுற ஆள் வேணும்னு சொல்லி வேற புள்ளய எடுத்துக்கினாங்க. இது எந்த ஊர் நியாயம் வக்கீல் சார்?"

அந்த அம்மா சொன்னதற்கு மேல் வழக்கில் ஒன்றுமில்லை. நான் பின்னால் எழுதிய பக்கங்களெல்லாம் அந்த நான்கு வாக்கியத்துக்கான விரிவுரை.

மூன்றாவதாக வந்தவர் அவனுடைய மாஸ்டர். தான் ஆடிய காலத்தில் மண் களத்தில் ஆடியவர். இப்போது கிராமத்தில் பையன்களைச் சேர்த்துக்கொண்டு, வாடகை மேட் வாங்கிப் போட்டுப் பழக்குகிறார். அவர் ஒரு நீள நோட்டு கொண்டுவந்திருந்தார். அந்தத் துறையின் அணி கடந்த சில வருடங்களில் ஆடிய ஆட்டங்களின் புள்ளிகளைத் தன் கையாலேயே குறித்துவைத்திருந்தார். அணி தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தது, துறைகளுக்கு இடையிலான போட்டிகளில் முதல் சுற்றைத் தாண்டுவதே அபூர்வம். மாஸ்டருடைய வாதம் இது: அவர்களிடம் ஒரு நல்ல ரைடர் ஏற்கெனவே இருக்கிறார். அவர் பிடிபட்டு வெளியே போய்விட்டால், உள்ளே கொண்டுவர ஆள் இல்லை.

கபடியில் வெளியே போனவர் தானாகத் திரும்ப முடியாது. அவருடைய அணி ஆளை வெளியேற்றிப் புள்ளி எடுத்தால்தான் வெளியே போன வரிசைப்படி ஒருவர் உள்ளே வருவார். போனஸ் புள்ளி எடுத்தாலும் யாரும் உள்ளே வர முடியாது. ஆக, வெளியே உட்கார்ந்திருக்கும் ரைடரை எழுப்பிவிடுவது பெரும்பாலும் தடுப்பில் விழுகிற ஒரு நல்ல பிடிதான். பிடி இல்லாத அணியில் அவர் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பார், மிச்சம் இருப்பவர்கள் ஒவ்வொருவராகக் காலியாகி லோனா விழும், எதிரணிக்கு மேலும் இரண்டு புள்ளி. மாஸ்டரின் நோட்டில் இதுதான் பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. "இன்னொரு ரைடரை எடுத்தா ரெண்டு பேரும் சேர்ந்து வெளிய உக்காருவாங்க சார். இதைக் கோர்ட்ல சொல்லுங்க" என்றார்.

அவர் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் கோர்ட்டில் அதை முதல் வாதமாக வைக்க நான் சம்மதிக்கவில்லை. தேர்வுக் குழுவின் முடிவுக்கு மேல் நீதிமன்றம் மேல்முறையீட்டு மன்றம் போல உட்கார முடியாது என்று தல்பத் அபாசாகேப் சோலுங்கே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. யார் திறமைசாலி, யார் பொருத்தம் என்பதை நிபுணர்கள் பார்க்கட்டும் என்பதுதான் அங்கே நிலைப்பாடு. கார்னர்தான் அணிக்கு நல்லது என்று நான் வாதாடத் தொடங்கினால், ரைடர்தான் நல்லது என்று அவர்கள் ஒரு பயிற்சியாளரைக் கொண்டுவருவார்கள், வழக்கைக் கேட்கிற தீர்ப்பாயம் கும்பிட்டு ஒதுங்கிவிடும். மாஸ்டரிடம் இதைச் சொல்லிப் புரியவைக்க நேரமானது. அணிக்கு யார் வேண்டும் என்ற கேள்விக்கு அவர்கள் சொன்னதே கடைசி வார்த்தையாக இருக்கட்டும், அந்தப் பதிலை எப்போது சொன்னார்கள் என்று மட்டும் நாம் கேட்போம் என்றேன். அவருக்கு வருத்தம்தான். நோட்டை மட்டும் என்னிடமே விட்டுவிட்டுப் போனார்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போட்டுக் கோப்பின் நகலைக் கேட்டோம். முதலில் மறுத்தார்கள், முதல் மேல்முறையீட்டில் வந்தது. அதில் இரண்டு தாள்கள் முக்கியம். ஒன்று, அணி மேலாளர் அறிவிக்கைக்கு முன்பு எழுதிய தேவைக் குறிப்பு: அணியின் இடது கார்னருக்கு முழங்கால் தசைநார் கிழிந்து அவர் இனி ஆட முடியாத நிலை, அந்த இடத்துக்கு உடனே ஆள் வேண்டும். மற்றொன்று, டிரயல் முடிந்த மாலை தேர்வுக் குழு எழுதிய குறிப்பு. அதில் அணியின் நலன் கருதி ரைடருக்கு முன்னுரிமை அளிக்கப்படுகிறது என்ற ஒரு வரி. கீழே கையெழுத்துகள். ஏன் மாறியது, யார் அனுமதித்தது, எதுவும் இல்லை. தேர்வான பையன் விண்ணப்பத்தில் 'ஆல் ரவுண்டர்' என்று எழுதியிருந்தார்.

மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு உயர் நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. 1985 ஆம் வருடச் சட்டத்தின் 19 ஆம் பிரிவில் மூல விண்ணப்பம் தாக்கல் செய்தோம். தேர்வான பையனையும் எதிர்மனுதாரராகச் சேர்த்தோம். பையனின் அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "அந்தப் புள்ள என்ன பண்ணுச்சு சார்? அத ஏன் கோர்ட்டுக்கு இழுக்கணும்?" என்று கேட்டார். 1984 இல் பிரபோத் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த விதி அது: யாருடைய வேலை பாதிக்கப்படுமோ அவரைக் கேட்காமல் உத்தரவு போடக் கூடாது. அவரைச் சேர்க்காமல் விட்டால் வழக்கே நிற்காது. அதைவிட, அவருக்கும் ஒரு வக்கீல் வைத்துத் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பு வேண்டும். அவர் தென் மாவட்டத்திலிருந்து வந்தவர், வீட்டில் அவர் சம்பளம்தான் முதல் சம்பளம். அறிவிக்கையை மாற்றச் சொல்லி அவர் யாரிடமும் கேட்டதாக எங்கும் ஆதாரம் இல்லை. விண்ணப்பத்திலேயே அதை நான் ஒப்புக்கொண்டு எழுதினேன்.

இடைக்கால உத்தரவாக நியமனத்தை நிறுத்திவைக்கக் கேட்டோம். கிடைக்கவில்லை. நியமனம் வழக்கின் இறுதி முடிவுக்கு உட்பட்டது என்று மட்டும் எழுதினார்கள்.

துறையின் பதில் மனு அறிவிக்கையின் பொதுப் பிரிவு ஒன்றைப் பிடித்துக்கொண்டது. காலியிடங்களைக் கூட்டவோ குறைக்கவோ நிரப்பாமலே விடவோ நிர்வாகத்துக்கு உரிமை உண்டு என்ற வழக்கமான பிரிவு. கூடவே 1991 இன் சங்கர்சன் தாஷ் தீர்ப்பு: தேர்வுப் பட்டியலில் பெயர் இருப்பதாலேயே யாருக்கும் வேலை உரிமையாகிவிடாது. தீர்ப்பு சரியானதுதான், ஆனால் அதே தீர்ப்பு தொடர்ந்து, அதற்காக அரசு மனம்போனபடி நடக்க அனுமதி இல்லை என்றும் சொல்கிறது. அடுத்த வரியை நான் படித்துக் காட்டினேன். இடது கார்னர் இடத்தை நிரப்பாமல் விட்டிருந்தால் எனக்கு வழக்கே இல்லை. அந்த இடத்தை வேறு இடமாக்கி வேறொருவரைக் கொண்டு நிரப்ப அந்தப் பிரிவில் ஒரு சொல்லும் இடம் தரவில்லை.

ஆட்டம் தொடங்கிய பிறகு ஆட்ட விதிகளை மாற்றக் கூடாது என்ற கோட்பாடு, ஆள்சேர்ப்பு வழக்குகளில் 2008 இல் மஞ்சுஸ்ரீ தீர்ப்புக்குப் பிறகு நன்றாகப் பரவியிருந்தது. எல்லோரும் அதைச் சொல்வார்கள், நானும் சொன்னேன். ஆனால் வழக்கை நகர்த்தியது அதைவிடப் பழைய ஒரு தீர்ப்பு. 1990, திரிபுர சுந்தரி தேவி வழக்கு, விஜயநகரம் மாவட்டத்து ஆசிரியர் நியமனம். விளம்பரத்தில் ஒரு தகுதியைக் கேட்டுவிட்டு, அது இல்லாதவரை நியமித்தால், அது நியமித்தவருக்கும் நியமனம் பெற்றவருக்கும் இடையிலான விஷயம் மட்டும் அல்ல, அந்தத் தகுதி நம்மிடம் இல்லையே என்று விண்ணப்பிக்காமல் இருந்த அத்தனை பேரும் பாதிக்கப்பட்டவர்கள் என்றது உச்ச நீதிமன்றம்.

என் வாதத்தை அங்கேதான் நிறுத்தினேன். அறிவிக்கை 'இடது கார்னர்' என்றது. அதைப் பார்த்துவிட்டு, நமக்கு இல்லை என்று பக்கத்தைத் திருப்பிய ரைடர்கள் தமிழ்நாட்டில் எத்தனை பேர் இருப்பார்கள்? இங்கே தேர்வானவரைவிட நல்ல ரைடர் ஒருவர் அந்தக் கூட்டத்தில் இருந்திருக்க மாட்டாரா? துறைக்கு ரைடர்தான் வேண்டும் என்றால், ரைடர் வேண்டும் என்று ஊரறியச் சொல்லியிருந்தால் அணிக்கு இன்னும் நல்ல ரைடர் கிடைத்திருப்பார். என் கட்சிக்காரனுக்காக மட்டும் நான் பேசவில்லை. வராத ரைடர்களுக்காகவும் பேசினேன். பெஞ்சில் இருந்த நிர்வாக உறுப்பினர் அதுவரை எதுவும் குறிக்காமல் இருந்தவர், அப்போது பேனாவை எடுத்தார்.

நீதித்துறை உறுப்பினர் துறையின் வக்கீலிடம் கேட்டார்: "தேவைக் குறிப்பு எழுதிய தேதிக்கும் தேர்வுக் குழுக் குறிப்புக்கும் இடையில் உங்கள் அணியில் என்ன மாறியது? முழங்கால் சரியாகிவிட்டதா?" பதில் இல்லை. கொஞ்சம் தாமதித்து அவர், புரோ கபடி ஏலத்தில் அதிக விலைக்குப் போவது ரைடர்கள்தான், தோற்கிற அணி புள்ளி எடுப்பவரைத் தேடுவது இயல்பு என்றார்.

அன்றைக்கு நான் அதற்குப் பதில் சொல்லவில்லை. கேட்கப்பட்ட கேள்வி அதுவல்ல என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டேன். இங்கே சொல்லலாம், கோர்ட் இல்லை.

ரைடருக்கு விலை அதிகம் என்பது உண்மை. 2019 சீசனுக்கு முந்தைய ஏலத்தில் உச்ச விலை சித்தார்த் தேசாய்க்கு, 1.45 கோடி ரூபாய். ஆனால் அதே சீசனில் நம் தமிழ் தலைவாஸ் என்ன ஆனது? 2017 இல் லீகுக்குள் வந்தது முதல் அணி கீழேயே கிடந்தது. அஜய் தாக்கூர் என்ற பெரிய ரைடர் ஏற்கெனவே இருந்தார். அவரோடு ராகுல் சௌத்ரியை 94 லட்சத்துக்கு வாங்கினார்கள். தடுப்பிலும் மஞ்சீத் சில்லர், மோஹித் சில்லர் என்று பெயர் பெற்றவர்கள். 12 அணிகளில் தலைவாஸ் 12 ஆம் இடம். நேரு ஸ்டேடியத்துக்குப் போய் உள்ளூர் ஆட்டங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஆட்டத்தின் கடைசி ஐந்து நிமிடத்தில் அணி எப்படிக் கையிலிருந்து நழுவும் என்று.

வழக்கு முடிந்த பிறகு, 2022 இல், அதே தலைவாஸ் பவன் செராவத்தை 2.26 கோடிக்கு வாங்கியது. அன்றுவரை யாருக்கும் கொடுக்காத விலை. முதல் ஆட்டத்திலேயே அவருக்கு முழங்காலில் காயம், சீசனே முடிந்தது. எல்லோரும் தலையில் கை வைத்தார்கள். அந்த வருடம்தான் தலைவாஸ் முதல்முறையாக அரையிறுதி வரை போனது. நரேந்தர் என்ற புதுப் பையன் 243 ரைடு புள்ளி எடுத்தான், அது மறுக்க முடியாத உழைப்பு. ஆனால் அவன் பிடிபட்டபோதெல்லாம் அவனை உள்ளே கொண்டுவந்தது யார்? வலது ஓரத்தில் சாகர், இடது ஓரத்தில் சாஹில் குலியா, நடுவில் நம் ஊர் அபிஷேக்கும் மோஹித்தும். நால்வரும் இளம் பையன்கள், சேர்ந்து நின்றார்கள். மாஸ்டரின் நோட்டை அந்த சீசனில் நான் மறுபடி நினைத்தேன். தஞ்சாவூர்ப் பக்கத்து தர்மராஜ் சேரலாதன் 40 வயதைத் தாண்டிய பிறகு, 2016 இன் நான்காவது சீசனில், பாட்னா பைரேட்ஸின் தலைவராகக் கோப்பையைத் தூக்கினார். அந்த அணியில் பர்தீப் நர்வால் என்ற ரைடர் பறந்துகொண்டிருந்தார். தலைமையும் வலது ஓரமும் சேரலாதனிடம் இருந்தன.

இந்தக் கேள்வி கபடிக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் அவர்கள் ஃபுட்பால் என்று சொல்லும் ஆட்டத்தில், போன வருடம் மிக மோசமாக ஆடிய அணிக்குத்தான் கல்லூரி ஆட்டக்காரர்களில் முதல் ஆளை எடுக்கும் உரிமை. பந்தை எறிகிற குவாட்டர்பேக்கை எடுப்பதா, ஓடிப்போய்ப் பிடிக்கிற ரிசீவரை எடுப்பதா என்று ஊரெல்லாம் சண்டை நடக்கும். 2007 இல் முதல் வாய்ப்பு ஓக்லண்ட் அணிக்கு. அவர்கள் எறிபவரை எடுத்தார்கள், ஜமார்கஸ் ரசல். மூன்று சீசனுக்குப் பிறகு அவரை விடுவித்துவிட்டார்கள். இரண்டாம் வாய்ப்பு டெட்ராய்ட் லயன்ஸுக்கு. அவர்கள் பிடிப்பவரை எடுத்தார்கள், கால்வின் ஜான்சன், அந்த ஆட்டம் கண்ட மிகச் சிறந்த ரிசீவர்களில் ஒருவர். 2008 இல் ஜான்சன் 1,331 கெஜம் பிடித்து 12 டச்டவுன் போட்டார். அந்த வருடம் லயன்ஸ் ஆடிய 16 ஆட்டங்களிலும் தோற்றது. ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. 2009 இல் மாத்யூ ஸ்டாஃபோர்ட் என்ற எறிபவர் வந்தார், 2011 இல் அணி பிளேஆஃபுக்குப் போனது.

இதிலிருந்து எறிபவர்தான் முதலில் என்று சிலர் சொல்வார்கள். ஓக்லண்டின் கதை அதற்கு இடம் கொடுக்கவில்லை. நான் இதைப் பார்ப்பது வேறு விதமாக. அணியில் இப்போது இருக்கும் நல்ல ஆட்டக்காரன் எதனால் வீணாகிறான் என்று முதலில் பார்க்க வேண்டும். ஜான்சனுக்குப் பந்து ஒழுங்காக வரவில்லை. நம் துறையின் ரைடர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தோற்கிற அணிக்கு முதலில் வேண்டியவன், இருக்கிறவனை ஆட்டத்துக்குள் கொண்டுவருகிறவன். அணி மேலாளர் தன் தேவைக் குறிப்பில் அதைத்தான் எழுதியிருந்தார். களத்தின் ஓரத்தில் நின்று பார்த்த மனிதர் அவர். டிரயல் நடந்த ஒரு பகலில் ஒரு ரைடர் அடுத்தடுத்துத் தொட்டுவிட்டு வந்ததைப் பார்த்து மயங்கியவர்கள் அவருடைய தாளை ஓரம் தள்ளிவிட்டார்கள். ரைடரின் திறமை எல்லோர் கண்ணிலும் படும். நல்ல கார்னர் இருக்கும் பக்கம் ரைடர் வரவே மாட்டார். அவர் வராமல் போனதை எந்த ஸ்கோர் ஷீட்டும் எழுதாது.

தீர்ப்பு வந்தது. தேர்வுக் குழுவின் குறிப்பு, அறிவிக்கைக்கு முரணானது, அரசியலமைப்பின் 16 ஆம் பிரிவுக்கு எதிரானது என்று தீர்ப்பாயம் ரத்து செய்தது. அதே சமயம், எந்தப் பொய்யும் சொல்லாமல் வேலைக்கு வந்து, ஆடிக்கொண்டும் இருக்கும் இளைஞரை வெளியே அனுப்பத் தேவையில்லை என்றது. அவரை அடுத்த வருட விளையாட்டு ஒதுக்கீட்டு இடத்தில் சரிக்கட்டிக்கொள்ளலாம், விண்ணப்பதாரரை அறிவிக்கப்பட்ட இடது கார்னர் இடத்தில் நியமிக்க வேண்டும், பணிமூப்பு கருத்தளவில் முந்தைய தேதியிலிருந்து, சம்பளம் சேர்ந்த நாளிலிருந்து. நிலுவைச் சம்பளம் கிடையாது. நான் கேட்டதில் அது ஒன்றுதான் போனது, அதற்கு நான் மேலே போகவில்லை.

துறை போனது. 1997 இன் சந்திர குமார் தீர்ப்புக்குப் பிறகு, தீர்ப்பாயத்தின் உத்தரவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் இரு நீதிபதிகள் அமர்வு முன்தான் ரிட் போட வேண்டும். அனுமதிக் கட்டத்திலேயே தள்ளுபடியானது. ஆனால் அதற்குள் காலம் போய்விட்டது. கார்னர் ஆட்டக்காரனின் உடம்பு, வக்கீலின் வாய்தாவுக்குக் காத்திருக்காது. வழக்கு நடந்த காலம் முழுக்க அவன் காணும் பொங்கல் ஆட்டம், கோயில் திருவிழா ஆட்டம் என்று சுற்றுவட்டாரக் கிராமங்களில் இரவில் ஆடிக்கொண்டே இருந்தான். அடிபட்டுக்கொள்ளாதே தம்பி, வழக்கு இருக்கிறது என்று நான் சொல்லும்போதெல்லாம் அவன் பதில் ஒன்றுதான்: "ஆடலைன்னா கை மறந்துடும் சார்."

சேர்ந்தான். அவனும் அந்த ரைடரும் ஒரே அணியில் ஆடினார்கள். இருவரும் நண்பர்களானார்கள் என்றெல்லாம் எனக்குத் தெரியாது, கேட்டதும் இல்லை. மாஸ்டர் வந்து நோட்டை வாங்கிப் போகும்போது, அணி இரண்டாம் சுற்றுக்குப் போயிருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

இதற்குப் பின் வந்த அறிவிக்கையில் துறை ஒரு புதுப் பிரிவைச் சேர்த்தது: குறிப்பிடப்பட்டுள்ள ஆட்ட நிலையை அணியின் தேவைக்கேற்ப டிரயலின்போது மாற்ற நிர்வாகத்துக்கு உரிமை உண்டு. அதைத் தூக்கிக்கொண்டு சில இளைஞர்கள் என்னிடம் வந்தார்கள், வழக்குப் போடலாமா என்று. 2024 நவம்பர் 7 அன்று தேஜ் பிரகாஷ் பாடக் வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு மஞ்சுஸ்ரீ தீர்ப்பின் கோட்பாட்டை உறுதிப்படுத்தியபோது, ஒரு விலக்கையும் சேர்த்தே சொன்னது. நடுவில் மாற்றலாம் என்று நடைமுறையில் உள்ள விதியோ, விதிக்கு முரணில்லாத விளம்பரமோ முன்பே சொல்லியிருந்தால் மாற்றலாம், ஆனால் அந்த மாற்றம் தன்னிச்சையாக இருக்கக் கூடாது, அரசியலமைப்பின் 14 ஆம் பிரிவுச் சோதனையில் நிற்க வேண்டும். அதனால் இந்தப் பிரிவை அப்படியே அடித்துவிடுவது சுலபமில்லை. ஆனால் எனக்கு அது பிடிக்கவில்லை. வீட்டிலிருக்கும் ரைடருக்கு அந்தப் பிரிவு எதையும் சொல்லவில்லை, வருகிற கார்னருக்கும் எதையும் உறுதி சொல்லவில்லை. அணிக்கு யார் வேண்டும் என்பதை யோசிக்க வேண்டியவர்கள் அந்த யோசனையை டிரயல் நாள்வரை தள்ளிப்போட அது வழி செய்கிறது.

அந்த இளைஞர்களிடம் சொன்னது இது. இப்போது வழக்கு வேண்டாம், எல்லோரும் விண்ணப்பியுங்கள், ரைடரும் கார்னரும். விண்ணப்பத்தில் உங்கள் ஆட்ட நிலையை ஒளிக்காமல் எழுதுங்கள். படிவம் 2 இல் சங்கச் செயலாளரின் கையெழுத்தும் தேதியும் சரியாக இருக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள். டிரயல் அன்று நிலையை மாற்றினால், எந்தக் காரணத்துக்காக, எந்த மணிக்கு, யார் சொன்னார் என்று எழுதி வாங்குங்கள், தரவில்லை என்றால் அன்றைக்கே பதிவுத் தபாலில் கேளுங்கள். காரணம் இல்லாமல் மாற்றியிருந்தால் வாருங்கள், 14 ஆம் பிரிவை வைத்துப் பேசலாம். அவர்களில் ஒருவன் திருமுல்லைவாயில்காரன், வலது கார்னர். சங்கத்தின் முத்திரை தெளிவாக விழாத படிவத்தை அப்போதே எடுத்துக் காட்டினான். அதை மாற்றி வாங்கிக்கொண்டு வரச் சொல்லி அனுப்பினேன்.